இரும்புத் தடுப்புக் கம்பத்துக்குப் பிளாஸ்டிக் கவர் மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று கேரள எல்லையை ஒட்டிய ஊர்களில் எடைமேடை, பெட்ரோல் பங்க், தேங்காய்க் குடோன், ஆஸ்பத்திரி வாசல் எங்கே போனாலும் இரும்புக் குழாயில் செய்த தடுப்புக் கம்பம் நிற்கும். அதற்கு மஞ்சள் பிளாஸ்டிக் கவர் மாட்ட நினைப்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். இந்தப் பகுதிக்கென்று இரண்டு தொல்லைகள் உண்டு: மார்ச் முதல் மே வரை சுடும் வெயில், ஜூன் பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாய்வாக அடிக்கும் மழை. கீழே உள்ள பதில்களில் பாதி இந்த இரண்டையும் வைத்துத்தான்.

கம்பம் நல்லாத்தானே நிக்குது, கவர் எதுக்குங்க? வருஷத்துக்கு ஒருக்கா பெயின்ட் அடிச்சா போதாதா?

போதும், வருஷம் தவறாமல் அடித்தால். நடப்பது என்னவென்றால், முதல் வருஷம் அடிப்பார்கள், இரண்டாம் வருஷம் மறப்பார்கள், மூன்றாம் வருஷம் மஞ்சள் போய்ச் செம்மண் நிறத்தில் கம்பம் நிற்கும். இருட்டில் பின்னால் வரும் வண்டிக்கு அது தெரியாது. கவரின் முதல் வேலை கண்ணுக்குத் தெரிய வைப்பது. அடுத்தது, வண்டி லேசாக உரசினால் கீறலைத் தான் வாங்கிக்கொள்வது. கம்பத்தின் பெயின்டும் தப்பும், காரின் பம்பரும் ஓரளவு தப்பும்.

கவர் போட்டா கம்பத்துக்கு பலம் கூடுமா?

கூடாது. கவர் சட்டை, கம்பம் எலும்பு. வண்டியை நிறுத்துவது குழாயின் கனம், உள்ளே நிரப்பிய கான்கிரீட், மண்ணுக்குள் போன ஆழம் ஆகியவைதான். ஆட்டும்போதே அசைகிற கம்பத்துக்கு கவர் வாங்குவது வீண்செலவு. முதலில் அடித்தளத்தைச் சரிசெய்யுங்கள்.

எங்களது 4 இன்ச் பைப். 4 இன்ச் கவர் வாங்கினா சரியா இருக்குமில்ல?

இருக்காது. அதிகம் பேர் பணத்தைத் தொலைப்பது இந்த இடத்தில்தான். கடையில் சொல்லும் 4 இன்ச் என்பது ஒரு பெயரளவு. ஐ.எஸ். 1239 என்ற இந்தியத் தரத்தில் வரும் 4 இன்ச், அதாவது மில்லிமீட்டர் பெயரளவில் 100 என்.பி. எனப்படும் குழாயின் வெளிவிட்டம் 114.3 மில்லி, நாலரை இன்ச். 3 இன்ச் குழாய்க்கு 88.9. 6 இன்ச் குழாயில் இன்னொரு சிக்கல் இருக்கிறது: ஐ.எஸ். 1239 குழாய் என்றால் 165.1, வேறு தரத்தில் வந்த குழாய் என்றால் 168.3. கண்ணால் பார்த்து இந்த 3 மில்லியைச் சொல்ல முடியாது.

அதனால் பெயரை விட்டுவிட்டு டேப்பைக் கையில் எடுங்கள். தையல்கடை டேப்பைக் கம்பத்தைச் சுற்றிப் பிடித்து, வரும் சுற்றளவை 3.1416-ஆல் வகுத்தால் வெளிவிட்டம். 359 மில்லி வந்தால் 114.3. 519 வந்தால் 165.1. 529 வந்தால் 168.3. அடி, நடு, உச்சி என மூன்று இடத்தில் அளந்து, பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் மூடித் தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தால் அந்த வெல்டிங் மேடுதான் பெரிய அளவாக இருக்கும். அதை கிரைண்டரில் தேய்த்து மட்டமாக்கிவிட்டு அளப்பது நல்லது.

அப்ப கவரோட உள்சுற்று எவ்வளவு பெரிசா இருக்கணும்? லூசா இருந்தா ஆடாதா?

உள்விட்டம் கம்பத்தின் வெளிவிட்டத்தைவிட 8 முதல் 15 மில்லி கூடுதலாக இருக்கலாம். அந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் ஃபோம் பட்டை. கணக்கு எளிது: உள்விட்டத்திலிருந்து வெளிவிட்டத்தைக் கழித்துப் பாதியாக்குங்கள், அதோடு 1 அல்லது ஒன்றரை மில்லி சேர்த்தால் ஃபோமின் கனம். 165.1 கம்பத்துக்கு 178 உள்விட்டக் கவர் என்றால் ஒரு பக்க இடைவெளி சுமார் 6.5 மில்லி, ஃபோம் 8 மில்லி. ஃபோம் கொஞ்சம் அமுங்கினால்தான் பிடிக்கும்.

ஃபோம் எது என்பதிலும் கவனம் வேண்டும். மெத்தைக் கடை ஸ்பான்ஜ் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கம்பத்தை எப்போதும் ஈரமாக வைத்திருக்கும். தண்ணீர் ஏறாத, மூடிய கண்ணறை உள்ள வகை வேண்டும். ஏசி டக்ட் வேலைக்கு விற்கும் கறுப்பு நைட்ரைல் ஷீட் எல்லா ஊரிலும் கிடைக்கிறது, பின்பக்கம் பசையோடும் வருகிறது. 6, 9, 13 மில்லி கனங்களில் இருக்கும். 8 வேண்டிய இடத்தில் 9 போடலாம், கொஞ்சம் அமுக்கிப் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

உயரத்தை எப்படி அளக்கறது? கவர் தரையத் தொடணுமா?

தொடக்கூடாது. தரையிலிருந்து கம்ப உச்சி வரை அளந்து, அதிலிருந்து 8 முதல் 10 மில்லி கழித்ததுதான் கவரின் உள்நீளம். கவர் உச்சியில் உட்கார்ந்திருக்க வேண்டும், அடி தொங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

கவர் செய்யும் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீன் வெயிலில் நீளும். இரும்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல். ஒரு மீட்டர் கவர், 30 டிகிரி வித்தியாசத்தில், 4 முதல் 6 மில்லி நீளும். விடிகாலையில் தரையை முட்டும்படி வெட்டி மாட்டினால் மதியம் உச்சியைத் தூக்கிக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் அடி விரிந்து வாய் பிளக்கும். அந்த இடைவெளிக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதைச் சிலிக்கான் கேள்வியில் பாருங்கள்.

முழு வேலையையும் வரிசையாச் சொல்லிடுங்களேன்.

முதலில் கம்பத்தின் மண், கிரீஸ், பழைய ஸ்டிக்கர் எல்லாவற்றையும் எடுத்து, கம்பி பிரஷ்ஷால் உரியும் பெயின்டைச் சுரண்டி, துருவுக்கு மருந்து போட்டு, பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள் (இவை தனிக் கேள்விகளாக வருகின்றன). காய்ந்த பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். தின்னர் வேண்டாம், அது எனாமலை இளக்கிவிடும்.

கவரை அளவுக்கு வெட்ட, ஒரு செய்தித்தாளைச் சுற்றி விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டினால் நேர்க்கோடு கிடைக்கும். அதன்மேல் மார்க்கரால் கோடு போட்டு, நெருக்கமான பல் உள்ள ஹேக்சா பிளேடால் அறுங்கள். எப்போதும் அடிப்பக்கத்தில்தான் வெட்ட வேண்டும். கிரைண்டர் போட்டால் பிளாஸ்டிக் உருகி விளிம்பில் கட்டிகட்டியாக ஒட்டும். அறுத்ததும் உள்விளிம்பைக் கத்தியால் ஒருமுறை சீவிவிடுங்கள், இல்லையென்றால் அந்தப் பிசிறே ஃபோமைப் பிடுங்கிக்கொண்டு போகும்.

ஃபோமை 25 மில்லி அகலப் பட்டையாக வெட்டி, கம்பத்தின் நான்கு பக்கமும் செங்குத்தாக ஒட்டுங்கள். உச்சிக்குக் கீழே ஒரு 30 சென்டி, தரையிலிருந்து 10 சென்டி விட்டு மேலே ஒரு 30 சென்டி, ஆக ஒரு கம்பத்துக்கு எட்டுத் துண்டு, 2.4 மீட்டர் பட்டை. உச்சித் தகட்டின் மேல் சிறிய ஃபோம் துண்டு ஒன்று. பிறகு பட்டைகளின் மேல் சோப்புத் தண்ணீர் தடவி, கவரை நேராகப் பிடித்து மெதுவாகத் திருகிக்கொண்டே இறக்குங்கள். பழகிய இரண்டு பேருக்கு, பெயின்ட் காய்ந்த கம்பம் ஒன்றுக்குக் கால் மணி நேரம் போதும்.

ஏன் ஃபோமை நெட்டுக்குத்தா ஒட்டச் சொல்றீங்க? வளையமாச் சுத்திட்டா ஈசிதானே?

வளையமாகச் சுற்றினால் இரண்டு கேடு. இறக்கும்போது உள்ளே மாட்டிய காற்று வெளியேற வழியில்லாமல் கவரை மேலே எம்பித் தள்ளும். அடுத்து, எப்படியோ உள்ளே போன தண்ணீர் வளையத்தின் மேல் தங்கி, அந்த இடத்தில் மட்டும் இரும்பை அரிக்கும். செங்குத்துப் பட்டைகளுக்கு நடுவே காற்றும் தண்ணீரும் தானாக இறங்கிவிடும்.

கவர் பாதியில் நின்னுடுச்சு. மேலயும் வரல, கீழயும் போகல.

சுத்தியலால் உச்சியில் அடிக்காதீர்கள், குவிந்த மூடி விரிசல் விடும். பெரும்பாலும் ஒரு ஃபோம் பட்டை உரிந்து மடிந்திருக்கும். இடுக்கில் சோப்புத் தண்ணீரை ஊற்றி, இடமும் வலமுமாகத் திருகிக் கழற்றி, பட்டையை மறுபடி ஒட்டுங்கள். பட்டை சரியாக இருந்தும் இறங்காவிட்டால் கவர் நசுங்கி முட்டை வடிவமாகியிருக்கலாம். லாரியில் அடுக்கி வரும்போது இப்படி ஆகும். அரைமணி நேரம் வெயிலில் நிமிர்த்தி வைத்தால் பெரும்பாலும் வட்டத்துக்குத் திரும்பிவிடும்.

அடியில மண்ணு, எறும்பு போகுது. சுத்தியும் சிலிக்கான் அடிச்சு மூடிடலாமா?

கூடவே கூடாது. வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கவருக்குள் தண்ணீர் வராமல் இருக்காது. சாய்வு மழை அடியிலிருந்து தெறிக்கும். இரவில் குளிர்ந்த இரும்பின்மேல் வேர்வை மாதிரி நீர் கட்டும். அது வெளியேறுவதற்கு இருக்கும் ஒரே வழி அந்த 8 மில்லி இடைவெளி. அதை அடைத்தால் கம்பம் கான்கிரீட்டைத் தொடும் வளையம் மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். வெளியே பளபளவென்று மஞ்சள் கவர், உள்ளே தகடு தகடாகப் பொரியும் இரும்பு. 100 என்.பி. நடுத்தரக் குழாயின் சுவரே நாலரை மில்லிதான்.

செய்ய வேண்டியது வேறு. கம்பத்தின் காலைச் சுற்றி கான்கிரீட் பள்ளமாக இருந்தால், சிமென்ட் கலவையால் வெளிப்பக்கம் சரியும்படி ஒரு சிறு மேடு கட்டுங்கள், 15 மில்லி சரிவு போதும். கவர் அந்த மேட்டுக்கு மேலே 8 மில்லி தள்ளி நிற்கட்டும். தரையிலிருந்து 15 சென்டி உயரம் வரை இரும்புக்குப் பிட்டுமன் கறுப்புப் பெயின்ட் இரண்டு கோட் கூடுதலாக அடியுங்கள். எறும்பு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அது இரும்பைத் தின்னாது.

ஏற்கெனவே துரு பிடிச்சிருக்கு. கவர் போட்டு மறைச்சிடலாம்னு இருக்கோம்.

எவ்வளவு துரு என்று முதலில் பாருங்கள். தரையை ஒட்டிய இடத்தில் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் தைரியமாக இருக்கலாம், மொத்தென்று கேட்டால் சந்தேகம். (கான்கிரீட் நிரப்பிய கம்பம் எப்படியும் மொத்தென்றுதான் கேட்கும், அதற்கு இந்தச் சோதனை உதவாது.) துருவைச் சுரண்டிவிட்டு, பழைய ஸ்க்ரூடிரைவரை அழுத்திக் குத்துங்கள். குழி விழுந்தாலோ செதில் கையோடு வந்தாலோ, அந்தக் கம்பத்தை மாற்ற வேண்டும்.

மேல்துரு மட்டும்தான் என்றால் கம்பி பிரஷ், பிறகு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மருந்து, அது காய்ந்ததும் ரெட் ஆக்சைடு பிரைமர், அதன்மேல் எனாமல். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனாமலை விட்டுவிடுவார்கள். பிரைமர் மட்டும் ஈரத்தைத் தாங்காது.

பெயின்ட் அடிச்ச அன்னிக்கே கவர் மாட்டிடலாமா? ஆள் திரும்ப வர மாட்டேங்கறாங்க.

அவசரப்பட வேண்டாம். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்கும் உள்வரை காய்ந்ததற்கும் நிறைய வித்தியாசம். பச்சைப் பெயின்டின்மேல் ஃபோம் ஒட்டினால், பட்டை பெயின்டோடு சேர்ந்து உரிந்து வரும். கவருக்குள் தின்னர் ஆவி அடைபட்டுப் பெயின்ட் கொழகொழவென்றே கிடக்கும். வெயில் காலத்தில் குறைந்தது மூன்று நாள், ஆடி மழையில் ஒரு வாரம். ஆள் ஒரே நாள்தான் வருவார் என்றால் பெயின்ட் வேலையை முன்கூட்டியே நீங்களே முடித்துவையுங்கள், அது யாரும் செய்யக்கூடிய வேலைதான்.

ரெடிமேட் கவர் விலை ஜாஸ்தி. பி.வி.சி. பைப்பை வெட்டி மாட்டினா ஆகாதா?

ஆகும், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால். 110 மில்லி பி.வி.சி. குழாய் 114.3 கம்பத்தின்மேல் இறங்காது, அது பலர் செய்யும் தப்பு. 140 மில்லி குழாய் வேண்டும். உள்விட்டம் 130-க்குக் கொஞ்சம் மேலே வரும், பக்கத்துக்கு 9 மில்லி அளவில் ஃபோம் இடம் கிடைக்கும். 165.1 கம்பத்துக்கு 180 மில்லி குழாய் போகும், ஆனால் இடுக்கு மூன்று நான்கு மில்லிதான். 168.3 என்றால் அதுவும் பாதியாகிவிடும், ஃபோமுக்கே இடமிருக்காது. அழுத்தத் தரத்துக்கேற்ப குழாயின் சுவர்க் கனம் மாறும் என்பதால் கடையிலேயே உள்விட்டத்தை அளந்துவிட்டு வாங்குங்கள்.

குறை என்னவென்றால், பி.வி.சி. வெயிலில் வெளுத்து நொறுங்கும் தன்மைக்கு வரும். பிறகு ஒரு டெம்போ தட்டினால் கத்திபோன்ற சில்லுகளாக உடையும். குழந்தைகள் நடமாடும் இடத்தில் இதைப் போட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. குடோன் உள்பக்கம், வெயில் படாத இடம் என்றால் தாராளமாகப் போடலாம். உச்சிக்கு அதே அளவு எண்ட் கேப் வாங்க மறக்காதீர்கள்.

கடையில் நாலு விதமான மஞ்சள் கவர் காட்டறாங்க. எது நல்லதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

கனத்தைப் பாருங்கள். சுவர் 3 மில்லிக்குக் குறைந்தால் வாங்க வேண்டாம். லாரி நடமாடும் இடத்துக்கு 5, 6 மில்லி. அச்சில் சுழற்றி வார்த்த கவர்களில் ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் வருவதுண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மெல்லிய இடம் பளிச்சென்று தெரியும். நிறம் மேலே பூசியதா, பிளாஸ்டிக்கிலேயே கலந்ததா என்பதை அடிவிளிம்பில் நகத்தளவு சீவினால் கண்டுகொள்ளலாம்.

புற ஊதாக் கதிர் தாங்கும் சேர்மானம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லாத கவர் ஓரிரு கோடையில் வெளிறி, தேய்த்தால் கையில் மாவு ஒட்டும். பெயின்ட் நிறத்தோடு பொருந்த வேண்டும் என்றால் ஐ.எஸ். 5 நிற அட்டையில் 356, கோல்டன் யெல்லோ, என்று சொன்னால் பெயின்ட் கடையில் புரிந்துகொள்வார்கள்.

ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டினோம். ரெண்டு மாசத்துல உரிஞ்சு தொங்குது. டேப் டூப்ளிகேட்டா?

டேப்பின் மேல் மட்டும் பழிபோட வேண்டாம். பாலிஎத்திலீன் மேல் சாதாரணப் பசை எதுவும் உறுதியாகப் பிடிக்காது, அந்தப் பிளாஸ்டிக்கின் இயல்பு அது. உடனே ஒட்டும் பசையும் அப்படித்தான். (இதில் ஒரு நன்மை: சுவரொட்டிக்காரர்களின் பசையும் பிடிக்காது, காய்ந்ததும் உரிந்து விழும்.)

வழி இருக்கிறது. டேப்பை முழுச் சுற்றாகச் சுற்றி, முனையை அதே டேப்பின்மேல் 50 மில்லி ஏற்றி ஒட்டுங்கள். கவரில் பிடிக்காத பசை டேப்பின்மேல் நன்றாகப் பிடிக்கும், ஆக அது ஒரு வளையமாக நிற்கும். 186 மில்லி வெளிவிட்டக் கவருக்கு ஒரு சுற்று 584, ஏற்றத்தோடு 634 மில்லி. கம்பத்துக்கு இரண்டு சுற்று என்றால் பத்துக் கம்பத்துக்கு 12.7 மீட்டர். டேப் உட்காரப் பள்ளம் வார்த்த கவர் கிடைத்தால் அதையே வாங்குங்கள், வளையம் கீழே நழுவாது. காலைப் பனி ஈரத்தில் ஒட்டாதீர்கள். துடைத்து, காய்ந்து, கவர் கைக்கு லேசாக வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒட்டி, விரலால் அழுத்தித் தேயுங்கள். பசை முழுப் பிடிப்புக்கு வர மூன்று நாள் ஆகும், அதுவரை தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம்.

ராத்திரியில கவரையே உருவிட்டுப் போயிடறாங்க. ஸ்க்ரூ அடிக்கலாமா?

காற்றுக்குப் பயந்து ஸ்க்ரூ தேவையில்லை, ஃபோம் பிடிப்பே போதும். திருட்டுக்கு என்றால் உச்சிக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில், எதிரெதிரே இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, ரப்பர் வாஷரோடு. ஒரே உயரத்தில்தான் அடிக்க வேண்டும். மேலே ஒன்று கீழே ஒன்று என்று அடித்தால் வெயிலில் நீள இடமில்லாமல் கவர் நடுவில் புடைக்கும். அடிப்பக்கத்தில் அடிக்கவே கூடாது. ஈரம் தங்குகிற இடத்தில் நீங்களே இரும்பில் ஓட்டை போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும்.

4.8 மில்லி ஸ்க்ரூவுக்கு இரும்பில் 4.2 மில்லி பிட்டால் துளை போட்டு, துளை விளிம்பில் பிரைமர் தொட்டு வையுங்கள். கான்கிரீட் நிரப்பிய கம்பம் என்றால் இரும்பைத் தாண்டியதும் கான்கிரீட் பிட்டுக்கு மாறி இன்னும் 10 மில்லி உள்ளே போங்கள், இல்லையென்றால் ஸ்க்ரூ முனை முட்டி நிற்கும்.

பெட்ரோல் பங்க்ல பம்ப் பக்கத்துல நாலு கம்பம் இருக்கு. அங்கயும் இதே முறைதானா?

முறை அதேதான், கருவி வேறு. பம்பு, டேங்கில் எண்ணெய் இறக்கும் வாய், டேங்கின் ஆவி வெளியேறும் குழாய் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் கிரைண்டர், வெல்டிங், மின்சார டிரில், பேட்டரி டிரில் எதுவும் கூடாது. பேட்டரியில் ஓடினாலும் மோட்டாரில் பொறி உண்டு. கவரை வெளியே அறுத்துக்கொண்டு வந்து ஃபோமில் மட்டும் மாட்டுங்கள், ஸ்க்ரூ வேண்டாம். தின்னர் டின்னைத் திறந்து வைக்காதீர்கள். துரு தேய்க்கிற வேலை இருந்தால் எப்போது, எப்படி என்று பங்க் மேலாளரிடம் கேட்டு, அவர்கள் அனுமதி முறைப்படிதான்.

இன்னொன்று: பாலிஎத்திலீனைக் காய்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறும். அங்கே கவரைத் துடைப்பது எப்போதும் ஈரத் துணியால்.

எங்க வாசல் சரிவு. கவர் ஒரு பக்கம் முட்டுது, ஒரு பக்கம் ரெண்டு இன்ச் தூக்கி நிக்குது.

நேராக அறுத்ததால் வந்தது. கம்பத்தின் நான்கு பக்கமும் உயரத்தைத் தனித்தனியே அளந்து, கவரில் நான்கு புள்ளி வைத்து, அட்டைப் பட்டையை வளைத்து அவற்றைச் சேர்த்துக் கோடு போடுங்கள். எது சாலைப் பக்கம் என்று கவரில் அம்புக்குறி போட்டுவைத்தால் மாட்டும்போது குழப்பம் வராது. முதலில் 10 மில்லி நீளமாகவே அறுத்து, வைத்துப் பார்த்து, பிறகு மீதியைச் சீவுங்கள்.

கம்பம் வட்டமில்லீங்க, சதுரக் குழாய். வட்டக் கவர் போகுமா?

போகும். மூலைவிட்டத்தை அளந்தால் போதும். 100-க்கு 100 சதுரக் குழாயின் மூலைவிட்டம் கணக்குப்படி 141 மில்லி, மூலைகள் வளைந்திருப்பதால் கையால் அளந்தால் 133-ஐ ஒட்டியும் வரலாம். 150 உள்விட்டக் கவர் தாராளம். ஃபோமை நான்கு மூலையிலும் ஒட்டுங்கள், தட்டைப் பக்கத்தில் ஒட்டினால் எங்கும் தொடாது.

சங்கிலி மாட்டும் வளையம் பக்கத்தில் பற்ற வைத்திருந்தால், கவரின் அடியிலிருந்து அந்த உயரம் வரை ஒரு வெட்டு விட வேண்டியிருக்கும். வெட்டின் மேல்முனையில் 8 மில்லி வட்டத் துளை போடுங்கள், அப்போதுதான் அங்கிருந்து விரிசல் ஓடாது.

கம்பத்தோட உச்சி திறந்தே இருக்கு, உள்ள காலி. கவர்தான் மூடிடுதே, பரவாயில்லையா?

மழை இதுவரை உள்ளே நிரம்பியிருக்கும், முதலில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். தேங்கிய தண்ணீரோடு கவர் போட்டால் குழாய் உள்ளிருந்து அரிக்கும். நல்ல தண்ணீர் தேங்கும் எந்தக் குழியும் டெங்கு கொசுவுக்குத் தொட்டில்தான் என்பதால், கவர் போடாவிட்டாலும் இதை மூடித்தான் ஆக வேண்டும்.

தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு கான்கிரீட் நிரப்புங்கள். 100 என்.பி. நடுத்தரக் குழாய், மொத்த நீளம் ஒன்றரை மீட்டர் என்றால் 13 லிட்டர் கான்கிரீட். 150 என்.பி. கனக் குழாய், 1.8 மீட்டர் என்றால் 34 லிட்டர், அதற்குச் சிமென்ட் கால் மூட்டைக்குச் சற்று மேல். ஜல்லி 12 மில்லிக்கு மேல் வேண்டாம். மூன்று தவணையாக ஊற்றி, ஒவ்வொரு தவணைக்கும் கம்பியால் குத்திவிடுங்கள். கவர் மாட்ட ஒரு வாரம் பொறுங்கள், புதுக் கான்கிரீட்டின் ஈரம் இறங்கட்டும்.

கம்பம் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு. கவர் போட்டா நேராத் தெரியுமா?

தெரியாது, கவரும் சேர்ந்து சாயும். நேராகச் சாய்ந்த கம்பத்துக்கு கவர் இறங்கும், நடுவில் வளைந்ததற்கு இறங்காது. சாய்வு எதனால் என்று பாருங்கள். அடியில் கான்கிரீட் விரிந்திருந்தால் இன்னொரு இடிக்கு அது தாங்காது.

லாரி இடிச்சுது. கவர்ல ஒரு கீறல்தான், மத்தபடி நல்லாத்தான் இருக்கு. விட்டுடலாமா?

கவரைக் கழற்றிப் பாருங்கள். பாலிஎத்திலீன் அமுங்கித் திரும்ப எழுந்துவிடும், உள்ளே இரும்பு நெளிந்திருந்தாலும் வெளியே காட்டாது. கவரின் பெரிய குறையே அதுதான். கழற்றியதும் தூக்குக்குண்டு பிடித்துச் சாய்வு, குழாயில் சப்பை, கால் வளையத்தில் மயிரிழை வெடிப்பு, பெயின்ட் செதில் உதிர்ந்திருக்கிறதா ஆகியவற்றைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். கழற்றும்போது கிழிந்த ஃபோமை மாற்ற வேண்டியிருக்கும், அதனால் ஒரு ரோல் மிச்சம் வைத்திருங்கள்.

ஸ்க்ரூ போட்டவர்கள் இந்தக் கழற்றும் வேலைக்குச் சோம்பல்படுவார்கள். ஸ்க்ரூ வேண்டாம் என்று நாங்கள் சாய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எத்தனை மாசத்துக்கு ஒருக்கா கழட்டிப் பார்க்கணும்?

வருஷத்துக்கு இரண்டு முறை: தென்மேற்கு மழைக்கு முன்னால் மே மாதத்தில் ஒன்று, வடகிழக்கு மழை ஓய்ந்ததும் ஜனவரியில் ஒன்று. எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம். தண்ணீர் தேங்கும் பக்கத்துக் கம்பங்கள் இரண்டைக் கழற்றி, அவை நன்றாக இருந்தால் மற்றவற்றை விடலாம். கழற்றுமுன் கவரைத் தட்டிவிட்டுக் கை வையுங்கள், குவிந்த மூடிக்குள் குளவி கூடு கட்டும்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வெச்சோம், கறை போக மாட்டேங்குது. கற்பூரம் ஏத்தலாமா?

கறைக்குச் சோப்புத் தண்ணீரும் துணியும், விடாவிட்டால் ஆல்கஹால். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து அடுத்த அழுக்கு அதில் நிரந்தரமாகத் தங்கும். கற்பூரத்தைக் கவரின் தலையில் ஏற்றாதீர்கள், பாலிஎத்திலீன் உருகி எரியும் பொருள். ஊதுபத்தி செருகினாலும் ஓட்டை விழும். தட்டில் வைத்துக் காட்டிவிட்டு எடுத்துவிடுங்கள். ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கு எதிரே நிற்கும் கம்பத்துக்கும் இதே காரணத்தால் கவர் வேண்டாம், பெயின்டே போதும்.

ஜி.ஐ. கம்பம்தான் போட்டிருக்கோம். அதுக்கும் பெயின்ட், பிரைமர் எல்லாம் வேணுமா?

துத்தநாகப் பூச்சு முழுசாக இருந்தால் கவருக்குள் பெயின்ட் தேவையில்லை. ரெட் ஆக்சைடை நேராக அடித்தால் ஜி.ஐ. மேல் நிற்காது, உரியும். அடிக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் எட்ச் பிரைமர். ஆனால் வெல்டிங் செய்த இடங்களில் பூச்சு எரிந்து போயிருக்கும், அங்கே மட்டும் துத்தநாகம் மிகுந்த பிரைமர் தொட்டுவையுங்கள். ஃபோம் ஒட்டுமுன் குழாயில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகத் துடைக்க வேண்டும்.

கவர் போட்டதும் ரெண்டு கம்பத்துக்கு நடுவுல சக்கர நாற்காலி நுழைய மாட்டேங்குது.

கவர் ஒவ்வொரு பக்கமும் 10 மில்லி அளவுக்குப் பருமனைக் கூட்டும், இரண்டு கம்பத்துக்கு நடுவே 20 மில்லி போய்விடும். சக்கர நாற்காலிக்குக் குறைந்தது 900 மில்லி வழி வேண்டும். 910, 915 இடைவெளியில் நட்ட ஆஸ்பத்திரி வாசல்களில் கவர் வாங்கும் முன்பே இதைக் கணக்குப் பாருங்கள். இடம் போதாவிட்டால் அந்த இரண்டு கம்பத்துக்கு மட்டும் கவரை விட்டுவிட்டு, பெயின்டும் ரிஃப்ளெக்டர் டேப்பும் போடுங்கள். பெயின்ட் அடித்த இரும்பின்மேல் டேப் நன்றாகவே ஒட்டும்.

நம்ம கடைக்கு முன்னால ஹைவேஸ் போட்ட கம்பம் இருக்கு. அதுக்கும் நாமளே மாட்டிடலாமா?

அது அவர்கள் சொத்து. கேட்காமல் கை வைக்க வேண்டாம். நல்லெண்ணத்தில் மாட்டிய கவர் அவர்கள் ஒட்டிய ரிஃப்ளெக்டரை மறைத்தால் இரவில் அது ஆபத்து. எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள், கடிதத்தில் கம்பங்களின் எண்ணிக்கையும் இடமும் புகைப்படமும் இருக்கட்டும்.